பாலை நிறுத்திவிட்டு 40-30-30 டயட்: பாலின் இடத்தில் எதை வைப்பது?

கேள்வி இதுதான். வயது 38, எடை 60 கிலோ, சைவம், முட்டை எப்போதாவது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, சில நாள் பேதியும் ஆகிறது. மருத்துவர் பாலை நிறுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதே வாரம் ஜிம் பயிற்சியாளர் 1500 கலோரிக்கு ஒரு 40-30-30 திட்டம் (கலோரியில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றின் சதவீதம்) எழுதிக் கொடுத்திருக்கிறார்: காலையில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன், மதியம் ஒரு கப் தயிர், மாலையில் ஒரு டம்ளர் பால், இரவில் 100 கிராம் பனீர். "பாலுக்குப் பதில் பாதாம் பால், தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால் என்று மாற்றிக்கொண்டால் போதுமா? தயிர் சாதம் இல்லாமல் சாப்பிட்டு முடித்த மாதிரியே இல்லை, அதற்கு என்ன வழி?"

போதாது. அப்படி மாற்றினால் திட்டத்தின் முதுகெலும்பே போய்விடும். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

1500 கலோரியில் 40 சதவீதம் மாவுச்சத்து என்றால் 150 கிராம். 30 சதவீதம் புரதம் என்றால் சுமார் 112 கிராம். 30 சதவீதம் கொழுப்பு என்றால் 50 கிராம். (மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9.) உங்கள் திட்டத்தில் வே பவுடர் 24 கிராம் புரதம் தருகிறது, தயிர் 5, பால் 6, பனீர் 19. கூட்டினால் 54 கிராம். ஒரு நாள் புரதத்தில் கிட்டத்தட்ட பாதி பாலிலிருந்துதான் வருகிறது. ஒரு டம்ளர் பாதாம் பாலில் புரதம் 1 கிராம் இருந்தாலே அதிகம். தேங்காய்ப்பால் முழுக்கக் கொழுப்பு; கெட்டிப் பால் 100 மி.லி.யிலேயே 20 கிராம் வரை போகும். அதாவது ஒரு வேளைக்கு உரிய கொழுப்பு முழுவதும் அந்த ஒரு கிண்ணத்தில் முடிந்துவிடும். பனீரையும் வே பவுடரையும் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை என்பதையும் கவனித்தேன். வே என்பது பாலைத் திரித்தால் பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பது. அதுவும் பால்தான்.

இதை என் அக்காவிடம் நேரிலேயே பார்த்தேன். பாலை விட்டார், பாதாம் பாலுக்கு மாறினார். மூன்றாவது வாரமே "பதினொரு மணிக்கெல்லாம் கை நடுங்குகிற மாதிரி பசிக்கிறது" என்றார். காலையில் அவர் குடித்த பாதாம் பாலும் ஓட்ஸும் எவ்வளவு என்று தராசில் வைத்துப் பார்த்தோம். புரதம் 6 கிராமைத் தாண்டவில்லை. நிறம் ஒன்று, டம்ளர் ஒன்று, உள்ளே இருந்த சரக்கு வேறு. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: பாலுக்கு எது பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று தேடாதீர்கள். பால் அந்த வேளையில் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று பார்த்து, அந்த வேலைக்கு ஆள் தேடுங்கள். புரதத்துக்கு ஒருவர், கால்சியத்துக்கு ஒருவர், வைட்டமின் பி12-க்கு ஒருவர், நாக்குக்கு ஒருவர். நால்வரும் ஒரே பொருளாக இருக்க வேண்டியதில்லை.

மாற்றத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்று தெளிவாக வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருந்தால் வருவது உப்புசம், வாயு, பேதி. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. பால் புரதத்துக்கு ஒவ்வாமை என்பது வேறு விஷயம். அதில் தோல் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வரும். ஒரு துளியும் ஆகாது. அவர்கள் நெய்யைக்கூடத் தவிர்க்க வேண்டும், பிஸ்கட், பிரெட் பாக்கெட்டில் 'பால் திடப்பொருள்' என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும். லாக்டோஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் கெடுபிடி இவ்வளவு இல்லை. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். நன்றாகப் புளித்த தயிர் சிலருக்கு ஒத்துக்கொள்ளும். லாக்டோஸ் நீக்கிய பால் என்றே கடையில் கிடைக்கிறது. புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும், கொஞ்சம் இனிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் முதல் இரண்டு வாரம் மருத்துவர் சொன்னபடி முழுக்க நிறுத்துங்கள். அப்புறம் அவரைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். தயிர் திரும்பி வந்தால் பாதிப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. வராவிட்டாலும் கவலையில்லை, கீழே சொல்வது அதற்காகத்தான்.

சரி, இந்த 40-30-30 கணக்கையே ஒரு முறை பார்க்க வேண்டும். இதைப் பரப்பியவர் பேரி சியர்ஸ் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர். 1990-களில் 'ஸோன்' டயட் என்ற பெயரில் வந்தது. கோழி நெஞ்சுக்கறி, மீன், முட்டை வெள்ளைக்கரு, பாலாடைக்கட்டி எல்லாம் தினமும் புழங்கும் சமையலறைக்குப் பொருந்தும் கணக்கு அது. நம் சைவச் சமையலில் புரதம் தனியாக வருவதில்லை, பருப்போடு வருகிறது. பருப்பு தன்னோடு மாவுச்சத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் 22 கிராம் என்றால் மாவுச்சத்து 55 கிராம். பாலும் இல்லாமல், முட்டையும் எப்போதாவதுதான் என்றால், பருப்பை வைத்து 112 கிராம் புரதத்தை எட்டுவதற்குள் மாவுச்சத்து 150-ஐ எங்கேயோ தாண்டிப் போயிருக்கும்.

அந்த 112 உங்களுக்கு அவசியமும் இல்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். உங்கள் 60 கிலோவுக்கு 50 கிராம். உடற்பயிற்சி செய்கிறீர்கள், எடையும் குறைக்கப் பார்க்கிறீர்கள், அதனால் கூடுதலாக 75 கிராம் வைத்துக்கொள்வோம். அது 1500 கலோரியில் 20 சதவீதம். மீதி 50 சதவீதம் மாவுச்சத்து, 30 சதவீதம் கொழுப்பு. பயிற்சியாளரிடம் தயங்காமல் இதைச் சொல்லுங்கள்: "பால் இல்லாமல் 50-20-30-இல் தொடங்குகிறேன், இரண்டு மாதம் பார்ப்போம்." 30 சதவீதம்தான் வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றால் பட்டாணிப் புரத பவுடரோ சோயாப் புரத பவுடரோ இல்லாமல் நடக்காது. அது தப்பில்லை. ஆனால் சமையலறைப் பொருளை வைத்து நடக்கிற கணக்கை முதலில் பழகிவிட்டு அதற்குப் போவதுதான் நல்லது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தை ஏற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த 75 கிராமை எப்படிக் கொண்டுவருவது? முதலில் மீல் மேக்கர், அதாவது சோயா உருண்டை. இதைவிடப் புரதம் செறிந்த, விலை குறைந்த பொருள் மளிகைக் கடையில் வேறு இல்லை. 100 கிராமில் 52 கிராம் புரதம், கொழுப்பு அரை கிராம். ஒரு வேளைக்கு 30 கிராம், அதாவது ஒரு சிறு கிண்ணம் நிறைய, போதும். 15 கிராம் புரதம் கிடைத்துவிடும். பலருக்கு அந்த வாடை பிடிப்பதில்லை. கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி இன்னொரு முறை பிழியுங்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் மஞ்சளாக நுரைத்த தண்ணீர் வரும். அது தெளிகிற வரை பிழிய வேண்டும். அதன் பிறகு இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு அரைத்துப் புரட்டி நல்லெண்ணெயில் வறுத்தால் சுக்கா மாதிரி வரும். வீட்டில் யாரும் மீதி வைக்க மாட்டார்கள்.

பனீருக்கு நேர் மாற்று, சோயாவிலிருந்து செய்யும் டோஃபு. ஆனால் எடைக்கு எடை மாற்றக் கூடாது. டோஃபு பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். கெட்டியான வகையில் 100 கிராமுக்கு 10 முதல் 15 கிராம் புரதம், 5 முதல் 8 கிராம் கொழுப்பு. பனீரில் கொழுப்பே 20-க்கு மேல். அதனால் 100 கிராம் பனீர் இருந்த இடத்தில் 150 கிராம் டோஃபு வைத்து, இரண்டு ஸ்பூன் எண்ணெயைக் கூடுதலாகச் சேர்க்கலாம். கணக்கும் சரியாகும், வாயில் வறண்டும் போகாது. வாங்கியதும் துணியில் சுற்றி மேலே அம்மிக்குழவியோ கனமான பாத்திரமோ வைத்து அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் போகாத டோஃபு மசாலாவை உள்ளே இழுக்காது.

ஒரு நாளை அடுக்கிப் பார்ப்போம். காலையில் அடை இரண்டு. துவரை, கடலை, உளுந்து, அரிசி எல்லாம் சேர்த்து உலர்ந்த நிலையில் 65 கிராம், அரிசியைவிடப் பருப்பு இரண்டு பங்கு. இதில் சுமார் 11 கிராம் புரதம். மதியம் 60 கிராம் அரிசியை வடித்த சோறு, 30 கிராம் பருப்பில் கீரைக் கூட்டு, மீல் மேக்கர் வறுவல்: சேர்த்து 26. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலை ஊறவைத்த சுண்டல்: 10 கிராம். அதோடு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம்: 7. இரவில் 40 கிராம் கேழ்வரகு மாவில் தோசையும் 100 கிராம் டோஃபு பொரியலும்: 15. மொத்தம் எழுபதை நெருங்கிவிட்டது. மாவுச்சத்து 180 அருகில் நிற்கும். நாள் முழுக்க ஐந்து டீஸ்பூன் எண்ணெய் என்றால் கொழுப்பும் 50-க்குள் அடங்கும். முட்டை சாப்பிடும் நாளில் இரண்டு முட்டை 13 கிராம் புரதம் தரும். அன்று டோஃபுவை விட்டுவிடலாம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு துண்டு மீன் எல்லாக் கணக்கையும் எளிதாக்கிவிடும். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பாலை நிறுத்திவிட்டுத் திடீரென்று பருப்பையும் சுண்டலையும் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பும். உடனே "பாலை விட்டும் சரியாகவில்லையே" என்று தோன்றும். அது பாலின் குற்றமல்ல, பருப்பின் வேகம். பயறுகளை எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். முளைகட்டினால் இன்னும் நல்லது. பெருங்காயத்தையும் இஞ்சியையும் தாராளமாகச் சேருங்கள். முதல் வாரம் சுண்டல் கால் கப், அடுத்த வாரம் அரை கப் என்று ஏற்றுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: சோயாவும் கால்சியம் மாத்திரையும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, சோயாவை மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளுங்கள். கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

கால்சியம் புரதத்தைவிடக் கஷ்டமான கணக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. ஒரு டம்ளர் பாலும் ஒரு கப் தயிரும் 100 கிராம் பனீரும் இருந்தால் அதில் பெரும்பங்கு யோசிக்காமலே வந்துவிடும். பால் இல்லையென்றால் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 360 மில்லிகிராம். 40 கிராமில் 145. முருங்கைக்கீரை ஒரு பெரிய கைப்பிடி, 50 கிராம், 150 தரும். ஒரு டேபிள்ஸ்பூன் எள் கணக்குப்படி 130 போலத் தரும். ஆனால் தோலோடு இருக்கும் எள்ளாக இருக்க வேண்டும். பளிச்சென்று தோல் நீக்கி விற்கும் வெள்ளை எள்ளில் கால்சியம் பெரும்பாலும் தோலோடு போயிருக்கும். தோலில் இருப்பதும் முழுக்க உடலில் சேராது, அதனால் எள்ளை மட்டும் நம்ப வேண்டாம். கொள்ளு 30 கிராமில் 80. அகத்திக்கீரையில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது, வாரம் ஒரு நாள் வையுங்கள். பாலக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டோஃபுவை எதைப் போட்டு உறையவைத்தார்கள் என்று பாக்கெட்டில் பாருங்கள். கால்சியம் சல்ஃபேட் என்று இருந்தால் அதுவே நல்ல கால்சியம். இவ்வளவு செய்தும் 600, 700-இல் நிற்கிறது என்றால் கால்சியம் சேர்த்த சோயா பானம் ஒரு டம்ளர் உதவும். அடியில் கால்சியம் படிந்திருக்கும், பெட்டியை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

சோயா 'பானம்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணைய விதிப்படி, விலங்கிலிருந்து வராததைப் 'பால்' என்ற பெயரில் விற்கக் கூடாது. 2021-இல் இணையக் கடைகளிலிருந்தும் அப்படிப்பட்ட பெயர்களை நீக்கச் சொன்னார்கள். தேங்காய்ப்பால் போன்ற பெயர்களுக்கு விலக்கு. அதனால் கடையில் சோயா டிரிங்க், ஓட்ஸ் டிரிங்க், ஆல்மண்ட் பெவரேஜ் என்றுதான் தேட வேண்டும். வாங்கும்போது முன்பக்கம் உள்ள படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் உள்ள கட்டத்தைப் பாருங்கள். சர்க்கரை சேர்க்காதது, 100 மி.லி.க்குப் புரதம் 3 கிராமாவது இருப்பது, கால்சியம் சேர்த்தது. இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் சோயாதான் தேறும். ஓட்ஸ் பானம் சுவையாக இருக்கும், ஆனால் அது மாவுச்சத்து. சோற்றுக் கணக்கில் எழுதுங்கள்.

பி12 பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பாலும் இல்லை, முட்டையும் அரிது என்றால் உணவில் போதுமான பி12 வர வழி அநேகமாக இல்லை. பழைய சோற்றையோ ஸ்பைருலினாவையோ நம்ப வேண்டாம். இப்போதே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குறைபாடு மெதுவாக வரும், கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும்.

காபிக்கு வருவோம். சூடான டிகாக்‌ஷனில் சோயா பானத்தை ஊற்றினால் திரிந்துவிடும், பலர் அன்றோடு விட்டுவிடுகிறார்கள். பானத்தை மிதமாகச் சுடவைத்து, அதன் மேல் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், நிற்கும். எனக்குக் கேட்டால், நாக்குக்குப் பிடித்தது தேங்காய்ப்பால் இரண்டு ஸ்பூனும் கருப்பட்டியும் போட்ட காபிதான். அதைக் கொழுப்பு, சர்க்கரைக் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாகக் குடிக்கலாம்.

கடைசியாகத் தயிர் சாதம். நீங்கள் அதை விடவே வேண்டாம். ஒரு கப் பச்சை வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, காலையில் தோலைக் கசக்கி நீக்குங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு வெண்ணெய் மாதிரி அரைத்து, மொத்தம் நாலு கப் தண்ணீர் சேர்த்துத் துணியில் வடிகட்டுங்கள். அடுப்பைச் சிறுதீயில் வைத்துக் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும், கையெடுத்தால் அடிபிடிக்கும். நன்றாகப் பொங்கிக் கொதித்தால்தான் பச்சைக் கடலை வாடை போகும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், எட்டு பத்து பச்சை மிளகாய்க் காம்புகளைக் கழுவி உள்ளே போட்டு மூடுங்கள். காம்பில் இருக்கும் நுண்ணுயிரிகள் உறையூற்றும் வேலையைச் செய்யும். நம் வெயிலில் எட்டிலிருந்து பத்து மணி நேரம். முதல் தடவை தளர்வாகத்தான் உறையும், மனம் தளர வேண்டாம். காம்பை எடுத்துவிட்டு அதில் ஒரு ஸ்பூனை அடுத்த தடவைக்கு உறையாக ஊற்றினால் கெட்டியாக வரும். வடிகட்டிய சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், அடை மாவில் கலந்துவிடுங்கள், அதிலும் புரதம் இருக்கிறது. இந்தத் தயிர் 150 மி.லி.யில் சுமார் 4 கிராம் புரதமும் 7 கிராம் கொழுப்பும் இருக்கும். கொழுப்பு அளவில் பால் தயிருக்கு ரொம்பத் தூரமில்லை, கால்சியம்தான் கிடையாது. இதைச் சேர்க்கும் நாளில் மாலை வேர்க்கடலையைப் பாதியாகக் குறையுங்கள். சோற்றைக் குழைய வடித்து, ஆறவிட்டு, இதை ஊற்றிப் பிசைந்து, கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். முதல் வாய் கொஞ்சம் கடலை மணக்கும். எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் இரண்டாவது வாயில் அது தெரியாது.